தண்ணீர் நுழையாத இடம்

மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மரகதம் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மகளுக்குக் கல்யாணம், உள்ளே தாய்க்காரி தேங்காய் மூட்டைமேல். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள், 'வெத்தலை பாக்கு, தேங்காப்பை எல்லாம் என் பொறுப்பு, சாவியை வேற யாரை நம்பிக் குடுக்க?' என்று. அந்தப் பதிலைக் காலையிலிருந்து நாலு தரம் மனசுக்குள் ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் பாருங்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது. பாதி சாத்திய கதவு வழியாக மணமேடையில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதிக்குள் யாமினியின் முதுகு, பூ வைத்துத் தைத்த ஜடை, பக்கத்தில் குத்தாலிங்கத்தின் தோளில் கிடந்த பட்டுத்துண்டு. குத்தாலிங்கம் அவளுடைய கொழுந்தன், நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்த சங்கரலிங்கத்தின் தம்பி. அவனும் அவன் பெண்டாட்டி கனகாவும்தான் இன்றைக்கு யாமினிக்குத் தாய் தகப்பன் ஸ்தானத்தில் மனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் அரைமணி நேரத்தில் குத்தாலிங்கம் யாமினியின் கையை எடுத்து மாப்பிள்ளை கைமேல் வைப்பான், கனகா செம்பைச் சாய்த்து அந்தக் கைகள்மேல் தண்ணீர் விடுவாள். தாரை வார்ப்பது என்றால் அவ்வளவுதான், ஒரு கை தண்ணீர். பெற்றவள் ஊற்ற வேண்டிய தண்ணீர். பெற்றவள் தாலியறுத்தவளாக இருந்தால் இன்னொருத்தி ஊற்றுவாள், அதுதான் இந்தக் குடும்பத்து வழக்கம். இதில் நான் வருத்தப்பட என்ன இருக்கிறது, நான் என்ன சடங்கை நம்புகிறவளா, என்று மரகதம் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். நார் நகத்துக்குள் ஏறி வலித்தது.

சடங்கை நம்பாதவள்தான். மதுரையில் பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து, போன ஜூனில்தான் ஓய்வு பெற்றாள். அதிலும் அவள் ஆராய்ச்சி எதைப்பற்றி என்கிறீர்கள்? முடிவைப்பற்றி. செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒரு பொருள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டறை. அது ஒரு நீளமான செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு சுமைக்காரன் உண்டு. அவன் தனக்குரிய அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வருவான், ரைபோசோம் அதை வாங்கிச் சங்கிலியில் கோக்கும், அவன் வெறுங்கையோடு போவான், அடுத்தவன் வருவான். முன்னூறு பேர், நானூறு பேர், ஆள் தப்பாமல், வரிசை தப்பாமல். அந்தச் சங்கிலிதான் புரதம். ரத்தம், தசை, தலைமயிர், இப்போது நாகஸ்வரக்காரர் சீவாளியில் வைத்திருக்கிற உதடு, எல்லாம் அதுதான். இந்த மட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைத்துவிடலாம். மரகதத்துக்கு மூச்சு நின்றுபோவது இதற்கு அடுத்த கட்டத்தில். அந்த மூன்றெழுத்துச் சொற்களில் மூன்றே மூன்று இருக்கின்றன, அவற்றுக்குச் சுமைக்காரனே கிடையாது. ரைபோசோம் அந்தச் சொல்லுக்கு வந்ததும் நின்றுவிடும். காத்திருக்கும். எவனும் பொருந்தமாட்டான். அப்போது ஒருத்தி வருவாள். அவள் சுமைக்காரர்கள் ஜாதியே இல்லை, வேறு வம்சம், அவளே ஒரு புரதம், ஆனால் உருவம் மட்டும் அச்சு அசல் அவர்களைப்போல, அதே இடத்தில் வந்து அதே மாதிரி உட்கார்ந்துகொள்வாள். அவள் கையில் அமினோ அமிலம் எதுவும் கிடையாது. எல்லோரும் சீர்த்தட்டோடு வந்த வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறவள். வந்து, விரலை நீட்டி, ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறை உள்ளே விடுவாள். சொட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு சொட்டில் அது எத்தனை கோடி கோடியோ இருக்கும். அந்த ஒன்று பட்டதும் சங்கிலி அறுந்து, புரதம் தன் வழியே போய்விடும். முதன்முதலாக இதைப் படித்த அன்று மரகதத்துக்கு இருபத்துமூன்று வயது, நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடி ஆத்தீ, தாரை வார்க்கிறாளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அந்த விரல்நுனியைப் பற்றிப் படித்தபோது இன்னொரு தரம் புல்லரித்தது. பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்கிறவளும் நம் உடம்பில் செய்கிறவளும் அக்கா தங்கை இல்லை, ஒருத்திக்கொருத்தி சொந்தமே இல்லை என்கிறார்கள். ஆனால் விரல்நுனியில் இரண்டு பேருக்கும் அதே மூன்று அமிலங்கள்தான், அதே வரிசையில்தான். ரெண்டு பேரும் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் இல்லை. மேடையில் ஐயர் மைக்கைத் தட்ட, அது கீச்சென்று கத்தியது.

பொண்ணோட மாமாவைக் கூப்பிடுங்கோ என்று ஐயர் சொன்னார். அப்படியானால் மாலை மாற்றப்போகிறார்கள், இன்னும் நேரம் இருக்கிறது. மரகதம் எழுந்து கற்கண்டு டப்பாவை இங்கிருந்து அங்கே வைத்தாள், அங்கிருந்து இங்கே வைத்தாள். ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. யாமினி வயிற்றில் இருந்தபோது ரசவாசனை என்றால் குமட்டும். ஏழாம் மாசத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றது நினைவுக்கு வந்ததும் இத்தனை வருஷம் கழித்தும் காது சூடானது. அப்போது அவள் செய்த காரியம் அந்தத் துறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ஒரு மரபணுவை எடுத்து வேறிடத்தில் பொருத்தி அதிலிருந்து புரதம் உண்டாக்க வேண்டும். அதற்கான செய்தியின் தலையையும் வாலையும் இவள்தான் எழுதி அனுப்பி, செய்து வரவழைக்க வேண்டும். எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் நாலு தரம் சரிபார்த்தாள். கடைசியில் நிறுத்தச் சொல்கிற மூன்றெழுத்தை மட்டும் போடாமல் விட்டுவிட்டாள். எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. ரைபோசோம் பாவம், அதற்கு என்ன தெரியும், நிற்கச் சொல்லவில்லை, போய்க்கொண்டே இருந்தது. மரபணுவைத் தாண்டி அப்புறம் இருந்த சம்பந்தமில்லாத எழுத்துக்களையெல்லாம் படித்து, வேண்டாத வாலை நீட்டி, மூன்று மாதம் அவள் குழாயில் வந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன வெள்ளைக் கட்டி. உப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், சாமிக்கு விளக்குப் போட்டாள் என்றுகூடச் சொல்லலாம், நம்பாதவள்தான் ஆனாலும் போட்டாள். முடிவைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் முடிவு போட மறந்தாள் என்றால் ஊர் சிரிக்காதா? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சங்கரலிங்கம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மின்வாரியத்தில் என்ஜினீயர், கரண்டை நிறுத்தாமல் கம்பத்தில் ஏறினமாதிரில்லா இருக்கு உன் கதை என்றார். அந்த மனுஷர் மட்டும் என்னவாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'மரகதம், அந்த' என்றார். அவ்வளவுதான். அந்த என்ன? அந்தக் கண்ணாடியா, அந்த மாத்திரையா, அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடு என்றா? அடுப்படியிலிருந்து 'என்ன, சொல்லுங்க' என்று இவள் கேட்டாள், பதில் இல்லை, தோசையைத் திருப்பிப்போட்டுவிட்டுத்தான் வந்தாள். திருப்பிப்போட்டுவிட்டு வந்தேனே, திருப்பிப்போட்டுவிட்டு வந்தேனே. இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் மாட்டிக்கொள்ளும், முள்ளில் முந்தானை மாட்டினமாதிரி, இழுத்தால் கிழியும். செய்தி பாதியில் அறுந்துபோனால் ரைபோசோமும் இப்படித்தான். முடிவுச்சொல் வராது, மேலே போகவும் முடியாது, சங்கிலியை விடவும் முடியாது, அதைப் பிடித்துக்கொண்டே அங்கே நிற்கும். அதை மீட்கிறதற்கென்று செல் தனி ஆட்கள் வைத்திருக்கிறது. மனுஷிக்கு யார் வைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் யாமினியோடு சண்டை. 'நீதான் ஊத்தணும்' என்றாள் அவள், மருதாணிக் கையை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு. 'எனக்கு வேற யார் ஊத்தினாலும் அது தாரை இல்ல.' 'பிச்சம்மா அத்தை ஒத்துக்கமாட்டா. வீட்டுக்குப் பெரியவ, அவ மனசைச் சங்கடப்படுத்தக்கூடாது' என்றாள் மரகதம். பிச்சம்மாள் சங்கரலிங்கத்தின் அக்கா, எழுபத்தாறு வயது, அவளும் புருஷனை இழந்தவள், எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசைக்கு வராதவள். 'நீ கேட்டியா அவங்ககிட்ட?' 'கேட்கவா வேணும்? தெரியாதா?' யாமினி எழுந்துபோய்விட்டாள், போகிறபோது கதவில் மருதாணி அப்பிவிட்டது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போனவள்தானே, புதிதாக என்ன போகப்போகிறாள்? ஆனால் தினமும் காலை ஏழரைக்குப் போன் வரும். 'சாப்ட்டியா? என்ன சாப்ட்ட? பொய் சொல்லாத.' சங்கிலி வளர வளர அதன் தலைப்பக்கம் ரைபோசோமுக்கு வெளியே வந்துவிடும், வந்து தன் உருவத்துக்கு மடியக்கூட ஆரம்பித்துவிடும், ஆனால் கால்பக்கம் உள்ளே, கோத்த இடத்தில், இன்னும் கட்டுண்டுதான் இருக்கும். அந்த இடத்தை நினைத்தால்தான் மரகதத்துக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். செல் முழுக்கத் தண்ணீர். ரைபோசோமே தண்ணீருக்குள்தான் முங்கிக் கிடக்கிறது. ஆனால் கோக்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கிட்டே வந்து தொட முடியாதபடி மறைத்து வைத்திருக்கிறது. தொட்டால் போச்சு, பாதியில் அறுந்துவிடும். குற்றாலத்து அருவிக்குக் கீழே நிற்கிறவள் மடியில் வைத்திருக்கிற தீப்பெட்டியை நனையாமல் காப்பாற்றுகிறமாதிரி, கடைசிச் சொல் வரும்வரைக்கும் காப்பாற்றும். கோத்த அதே இடம்தான் அறுக்கிற இடமும். வேறு கத்தி இல்லை, வேறு கை இல்லை. சேர்த்துவைத்தவளே திறந்துவிட வேண்டும். முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளே, விடுவதும் உண்டாக்குவதில் ஒரு பகுதி என்று எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். ஏனென்றால் இப்போது இந்த இருட்டு அறையில், சாக்குநாற்றத்தில், ஒரு உண்மை எலிமாதிரி ஓடி அவள் காலடியில் வந்து நின்றது. அந்த வழக்கத்தின்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. நன்றிதான் இருந்தது. நல்லவேளை, தாலியறுத்தவள் ஊற்றக்கூடாது. நல்லவேளை, பிச்சம்மா மதினி ஒத்துக்கொள்ளமாட்டாள். கனகா ஊற்றட்டும், கனகா அறுக்கட்டும், நான் அறுக்கவில்லை, என் கையால் அறுக்கவில்லை. பயம். வேறொன்றும் இல்லை, பச்சையான பயம். ஏழரை மணிக்குப் போன் வராத ஒரு காலை, ஒற்றை டம்ளர், ஒற்றைத் தோசை. ஐயோ, நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று மரகதத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, வெட்கத்தில் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

கதவு திறந்தது. பிச்சம்மாள்தான், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. 'ஏட்டி, இங்கனயா இருக்க? ஒன்னைய எங்கல்லாம் தேட? அங்க தாரைக்குக் கூப்பிடுதாவ.' 'கனகா இருக்காளே மதினி.' 'கனகா ஏன் ஊத்தணும்? ஒனக்குக் கை இல்லையா?' மரகதம் விழித்தாள். 'இல்ல மதினி, நீங்க சங்கடப்படுவீங்கன்னு...' 'நானா? நான் எப்பட்டி சொன்னேன்? நேத்து ஒம் மவ வந்து கேட்டா, அம்மைதான் ஊத்தணும் அத்தை, நீங்க என்ன சொல்லுதியன்னு. ஊத்தட்டும்ட்டீன்னேன். பெத்தவ கையில இல்லாத ராசி எந்தக் கையில இருக்கு? எனக்கு அந்தக் காலத்துல கேக்க நாதியில்ல, மூணு பிள்ளைய கட்டிக் குடுக்கையிலயும் ஓரமாத்தான் நின்னேன். ஒனக்கு என்ன கேடு? அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கன்னா அந்தப் பிள்ளை. நான் சொல்ல மாட்டேன், அவளே கேட்டு வரட்டும்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லியே. என்ட்ட ஒரு வார்த்தை கேக்காம என் தலையில பழியப் போட்டுட்டு இங்க வந்து தேங்கா எண்ணிக்கிட்டு இருக்க. படிச்சவளாம்.' இவ்வளவும் ஒரே மூச்சில். சொல்லி முடித்ததும் அவள் கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வேறெதிலா என்று சொல்ல முடியாது. 'சாவியக் கொண்டா' என்று இவள் இடுப்பிலிருந்து தானே கொத்தை உருவிக்கொண்டு, தேங்காய் மூட்டைமேல் 'முருகா' என்று உட்கார்ந்தாள்.

ஒளிய இனி இடமில்லை. மரகதம் வெளியே வந்தாள். கையில் எதுவும் இல்லையே என்று தோன்றியது, தட்டோ பூவோ எதையாவது எடுத்துக்கொண்டு போனால் என்ன, இரண்டு கையும் தொங்க இத்தனை பேர் நடுவில் எப்படி நடப்பது. நடந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே சிவப்பு விரிப்பு சுருங்கிக் கிடந்தது, தடுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். சிலர் பேச்சை நிறுத்தினார்கள், அவள் காதில் விழுந்தது, பேச்சு நிற்பதுகூடக் காதில் விழும். ஐந்நூறு அறுநூறு பேர் இருப்பார்கள். இத்தனை பேர் உடம்பிலும், இந்தக் கைப்பிள்ளை உடம்பிலும், அந்த மிருதங்கம்போலக் குறட்டை விடுகிற பெரியவர் உடம்பிலும், இந்த நொடியில் எத்தனை கோடி சங்கிலிகள் தங்கள் கடைசிச் சொல்லுக்கு வந்து நிற்கின்றன, எத்தனை கோடி வெறுங்கைக்காரிகள் வந்து உட்காருகிறார்கள், எத்தனை கோடித் தண்ணீர். சத்தமே இல்லையே. இவ்வளவு விடுதலுக்கும் நடுவில் ஒருத்தர் பாக்கு மெல்லுகிறார், ஒருத்தி பூவைச் சரிபண்ணுகிறாள். ஆண்டவா, இது எப்பேர்ப்பட்ட காரியம். எனக்கு மட்டும் நடக்கிறது என்று நினைத்தேனே. மேடைப்படியில் கால் வைத்தபோது பயம் போயிருந்தது என்று சொன்னால் அது பொய், பயம் அப்படியே இருந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு அதன்மேல் வந்து நின்றிருந்தது. கனகா செம்போடு எழுந்தாள். 'வந்துட்டீங்களாக்கா, இந்தாங்க, பிடிங்க' என்று செம்பை இவள் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். 'அம்மா, இந்தப் பக்கம் வாங்கோ. மந்திரம் சொல்றச்சே மெதுவா விடுங்கோ, மூணு தரம் போதும்' என்றார் ஐயர். குத்தாலிங்கம் யாமினியின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்துப் பிடித்திருந்தான். 'விடுங்க மதினி' என்றான். யாமினி நிமிர்ந்து பார்க்கவில்லை, மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது, சின்னப் பிள்ளையில் ஊசி போடப் போகும்போது சிவக்குமே, அப்படி.

மரகதம் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மெல்லிசாக இறங்கியது. மருதாணிக் கைமேல் விழுந்து, விரல் இடுக்கில் ஓடி, கீழே இருந்த அந்த வேற்றுவீட்டுப் பையனின் உள்ளங்கைக்குள் போய், அங்கிருந்து தாம்பாளத்தில் சொட்டியது. குளிர்ச்சியாக இருக்குமோ பிள்ளைக்கு என்று நினைத்தாள். இத்தனை வருஷம் எந்தக் கருவியாலும் கண்ணால் காணமுடியாத ஒன்று இப்போது கண்ணெதிரே, வெள்ளிபோல, சூரிய வெளிச்சத்தில். எவ்வளவு லேசாக இருக்கிறது. அறுக்கிறது என்றே நினைத்திருந்தாளே, எங்கேயும் ஒன்றும் கிழியவில்லை, கை கையாகத்தான் இருக்கிறது, தண்ணீர் வழிகிறது, அவ்வளவுதான். மூன்று தரம் ஆயிற்றா, இரண்டா, எண்ண மறந்துவிட்டது. மந்திரம் முடிந்தது. நாகஸ்வரம் எடுக்கப் போனவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் ஒரு தரம் தொண்டையைச் செருமினார். குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். யாமினி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

'அம்மா' என்றாள் மெல்ல. 'தண்ணி தீந்துட்டும்மா.'

'தெரியும்ட்டி' என்றாள் மரகதம். செம்பு சாய்ந்தபடியே இருந்தது.